முதல் கப்பல் ஏறும்வரை: ஜிபி ரேட்டிங்காகச் சேர நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரிப் பக்கம் ஊருக்கு நாலு பேராவது கப்பலில் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சேலத்திலோ தருமபுரியிலோ இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. விளம்பரத்தைப் பார்த்துப் போன் போடுவார், எடுப்பவர் பெரும்பாலும் புரோக்கராக இருப்பார். நானும் இந்த விவரங்களைத் துண்டு துண்டாகத்தான் சேர்த்தேன். விடுதியில் ஒருவர் சொன்னது, அலுவலக வாசலில் ஒருவர் சொன்னது, கப்பலில் மாலுமிகளுக்கு மேலாளரான போசன் சொன்னது என்று பாதி சரியும் பாதி தப்புமாக வந்து சேர்ந்தது. அதையெல்லாம் சரிபார்த்து, எதற்குப் பின் எது என்ற வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

இது கடற்படை பற்றியது அல்ல. சரக்குக் கப்பல், டேங்கர், கன்டெய்னர் கப்பல் போன்ற வணிகக் கப்பல்களில் மாலுமியாகச் சேரும் வழி. அதிகாரியாக வேண்டும் என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணக்கு படித்து, ஐஎம்யு எனப்படும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு எழுதிப் போகும் பாதை தனி. சமையல் பக்கம் போக சிசிஎம்சி என்ற ஆறு மாதப் படிப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அதிகம் எடுப்பது, டெக் எனும் மேல்தளத்திலும் எஞ்சின் அறையிலும் வேலை பழக்கும் பொது மாலுமிப் பயிற்சியான ஜிபி ரேட்டிங் என்பதால் அதையே எழுதுகிறேன்.

1. காசு கட்டும் முன் கண்ணைக் காட்டுங்கள்

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியது இதுதான். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது எல்லோரும் டிஜி ஷிப்பிங் என்று சொல்லும் அலுவலகம், தான் அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. சென்னையிலும் மற்ற ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போய் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தெருமுனை டாக்டர் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது.

அதிகம் பேரைத் திருப்பி அனுப்புவது நிறக்குருடு. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தை வைத்துச் சோதிப்பார்கள். இரவில் இன்னொரு கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்துச் சொல்ல முடியாதவரைக் காவலுக்கு, அதாவது கப்பல் ஓடும்போது சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு, நிறுத்த முடியாது. இதில் சலுகையே கிடையாது. நிறக்குருடு இருப்பது பலருக்குச் சோதனை செய்யும்வரை தெரிவதே இல்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம், நம்ம டாக்டர் இருக்கார்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இதே சோதனையைக் கம்பெனி மறுபடி செய்யும். மருத்துவச் சான்றிதழின் ஆயுள் 2 ஆண்டு, 18 வயதுக்குக் கீழ் என்றால் 1 ஆண்டுதான். ஆக, வேலையில் இருக்கும்வரை அந்தப் புத்தகம் உங்கள் முன் வந்துகொண்டே இருக்கும்.

பார்வைக் குறைபாட்டுக்கும் விதி உண்டு. டெக் பக்கம் அது கடுமை, எஞ்சின் பக்கம் கொஞ்சம் தளர்வு. கண்ணாடி போடுபவர்கள் உங்கள் அளவைச் சொல்லி, எந்தப் பக்கம் போகலாம் என்று அந்த மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

2. பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே மாதிரி ஆக்குங்கள்

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "முருகன் எஸ்" என்று இருக்கும். ஆதாரில் "எஸ். முருகன்". பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியாக வேண்டும் என்பதால் "முருகன் சண்முகம்" ஆகிவிடும். கப்பல் உலகத்துக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளதை மட்டும் பார்ப்பார்கள்.

இனிஷியல் விரிவதைப் பெரும்பாலும் ஒரு உறுதிமொழிப் பத்திரத்தோடு சமாளித்துவிடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறினால்தான் சிக்கல். சண்முகம் என்ற பெயரை நம் ஊரில் மூன்று விதமாக எழுதுவார்கள். ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். அதனால் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அதில் உள்ளபடி ஆதார், அதற்குப் பிறகு பாஸ்போர்ட். சான்றிதழிலேயே தவறு இருந்தால் பள்ளி வழியாகத் திருத்தக் கேளுங்கள். முடியாதபோது அரசிதழில் பெயர் மாற்றம். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் மற்ற எதையும் தொடங்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். தட்கால் என்றால் கூடுதலாக 2,000. அவசரம் இல்லாதவர்கள் சாதாரண முறையிலேயே போகலாம். பாஸ்போர்ட் வந்த பிறகு பயிற்சி நிலையம், மருத்துவர், வங்கி என எல்லா இடத்திலும் அதில் உள்ள பெயரையே எழுத்து மாறாமல் கொடுங்கள்.

3. பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது

ஜிபி ரேட்டிங் ஆறு மாதப் படிப்பு, விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் அறிவியல், கணக்கு, ஆங்கிலம் பாடங்களோடு மொத்தம் 40 சதவீதம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தனியாக 40, அது பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ இருந்தால் போதும். வயது பதினேழரையிலிருந்து 25க்குள்.

நிலையம் அங்கீகாரம் பெற்றதா என்று டிஜி ஷிப்பிங் தளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். பெயர்ப் பலகையில் "அரசு அங்கீகாரம்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். நிலையத்துக்கு அங்கீகாரம் இருந்தும் இந்தப் படிப்புக்கு இல்லாமல் இருக்கலாம். அதனால் படிப்பின் பெயரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நேரில் போகாமல் பணம் கட்டாதீர்கள். போனால் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். கட்டணம் மொத்தம் எவ்வளவு, அதில் விடுதி, சாப்பாடு, சீருடை, அடிப்படைப் பாதுகாப்புப் படிப்புகள் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். போன வருடம் முடித்தவர்களில் யார் யார் கப்பலில் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரிடம் பேசலாமா என்றும் கேளுங்கள். நல்ல நிலையம் தயங்காமல் எண்ணைக் கொடுக்கும். மற்ற இடத்தில் பேச்சு சுற்றி வளைத்துப் போகும்.

"ஒன்றரை மாதத்தில் முடித்துத் தருகிறோம்", "படிப்பே வேண்டாம், வெளிநாட்டு சிடிசி (மாலுமிக் கையேடு) எடுத்து நேராகக் கப்பல்", "நூறு சதவீத வேலை உத்தரவாதம்". இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் அந்த இடம் வேண்டாம்.

4. இண்டோஸ், வெளியேறும் தேர்வு, சிடிசி: இந்த வரிசையில்

இண்டோஸ் என்பது இந்திய மாலுமிகளின் தரவுத் தளத்தில் உங்களுக்கான அடையாள எண். வாழ்நாள் முழுக்க ஒரே எண்தான். படிப்பில் சேரும்போதே இதற்கு ஆன்லைனில் விண்ணப்பிப்பார்கள். நிலையமே செய்து தந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் பாருங்கள். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஏஜென்டின் எண்ணைப் பதிந்துவிட்டுப் பிறகு கடவுச்சொல்லுக்காக அவர் பின்னால் அலையும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாத முடிவில் பிஇஎஸ் என்ற மாலுமிகளுக்கான தேர்வு வாரியம் வெளியேறும் தேர்வு நடத்தும். கூடவே அடிப்படைப் பாதுகாப்புப் படிப்புகளின் சான்றிதழ்களும் கையில் இருக்க வேண்டும்: கடலில் உயிர்காத்தல், தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும், கப்பல் பாதுகாப்புப் பணி என ஐந்து. உயிர்காத்தல், தீயணைப்பு இரண்டையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உயிர்காத்தல் படிப்பில் லைஃப் ஜாக்கெட்டோடு உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கச் சொல்வார்கள். நீச்சல் தெரியாதவர்கள் அதற்கு முன் ஊர்க் கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ கற்றுக்கொண்டு வாருங்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகு சிடிசி. மாலுமியின் கையேடு இது, பாஸ்போர்ட் அளவில் இருக்கும், 10 ஆண்டு செல்லும். எந்தக் கப்பலில் எப்போது ஏறினீர்கள், எப்போது இறங்கினீர்கள் என்பது இதில்தான் பதிவாகும். மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய ஊர்களில் உள்ள ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகங்கள் கொடுக்கின்றன. விண்ணப்பம் ஆன்லைனில்தான். அரசுக் கட்டணம் சின்னத் தொகை. "சிடிசி எடுத்துத் தருகிறேன், இருபதாயிரம் ஆகும்" என்பவருக்கு அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. 2020 முதல் முக அடையாளத்தோடு பயோமெட்ரிக் மாலுமி அடையாள அட்டையும் தருகிறார்கள். சிடிசி வந்ததும் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

5. மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை மாதம் ஆகும்

பயிற்சிக் கட்டணம் பெரும்பாலும் இரண்டு லட்சத்தைச் சுற்றி இருக்கும், சில இடங்களில் மூன்று வரை போகும். பாஸ்போர்ட், மருத்துவம், சிடிசி, போக்குவரத்து, மும்பைக்கு நேர்காணல் போய்வரும் செலவு எல்லாவற்றுக்கும் இன்னொரு முப்பது, நாற்பதாயிரம் எடுத்து வையுங்கள். டேங்கரில் சேரப் போகிறீர்கள் என்றால் ஆயில், கெமிக்கல் டேங்கருக்கான அடிப்படைப் படிப்புக்குத் தனிச் செலவு. அதை வேலை உறுதியாவதற்கு முன் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

காலக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறு மாதம் படித்தவுடன் கப்பல் என்று வீட்டில் சொல்லி நகையை அடகு வைக்கிறார்கள். உண்மையில் தேர்வு, சிடிசிக்கு இரண்டு மூன்று மாதம் போகும். அதன் பிறகு முதல் கப்பலுக்குக் காத்திருப்பு ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடத்தைத் தாண்டியும் போகலாம். வட்டிக்கு வாங்குபவர்கள் இந்தக் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முதல் ஒப்பந்தத்தில் கிடைப்பதும் பயிற்சி உதவித்தொகைதான், முழுச் சம்பளம் அல்ல. மாதாமாதம் பெரிய தவணை கட்ட அது காணாது.

6. வேலை தேடும்போது: யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கப்பலில் வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டவிரோதம். எம்எல்சி எனப்படும் 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தியா அதை 2015இல் ஏற்றது. வேலையில் சேரும்போது மாலுமி தன் கைக்காசில் செலவு செய்ய வேண்டியவை மருத்துவச் சான்றிதழ், சிடிசி, பாஸ்போர்ட் ஆகியவை மட்டுமே. விசாச் செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது.

இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்க ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் வேண்டும். உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலும், யாருடையது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் டிஜி ஷிப்பிங் தளத்தில் இருக்கிறது. நிறுவனம் சொல்லும் உரிம எண்ணை அங்கே தேடுங்கள். அதே பெயர், அதே முகவரி, அதே தொலைபேசி எண் வருகிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் போலி மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். பட்டியலில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, "இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் இருக்கிறாரா?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் பேட்சில் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர்க்காரர் ஒருவர் மூலம் லட்சக்கணக்கில் கொடுத்தான். சுற்றுலா விசாவில் வளைகுடாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேறொரு நாட்டுத் துறைமுகத்துக்குப் படகில் கொண்டுபோய், பழைய சின்னக் கப்பல் ஒன்றில் ஏற்றினார்கள். ஒப்பந்தம் இல்லை, சம்பளம் இல்லை, கேட்டால் பாஸ்போர்ட்டைத் தர மாட்டோம் என்றார்கள். அவன் கப்பல் ஏறியதாக இந்தியாவில் எங்குமே பதிவு இல்லை என்பதால் அவனைத் தேடுவதே பெரும்பாடானது. வீடு திரும்பினான், ஆனால் அந்தக் கடல் நாட்களில் ஒன்றுகூடக் கணக்கில் சேரவில்லை.

அதனால் இவற்றைக் கண்டிப்பாகப் பாருங்கள்:

சுற்றுலா விசாவில் கப்பல் ஏறச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கப்பலின் பெயரோடு ஐஎம்ஓ எண்ணையும் கேளுங்கள். ஏழு இலக்கம். கப்பலின் பெயரும் கொடியும் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது. எக்குவாசிஸ் என்ற இலவசத் தளத்தில் அதைப் போட்டால் கப்பலின் வயது, உரிமையாளர், எந்தத் துறைமுகத்திலாவது குறைபாட்டுக்காகத் தடுத்து வைக்கப்பட்டதா என்பதெல்லாம் தெரியும். எண்ணைச் சொல்லத் தயங்கும் ஏஜென்ட் எதையோ மறைக்கிறார்.

நீங்கள் ஏறப்போகும் விவரத்தை ஆர்பிஎஸ்எல் நிறுவனம் டிஜி ஷிப்பிங்கில் பதிய வேண்டும். உங்கள் இண்டோஸ் கணக்குக்குள் போய் அது ஏறியிருக்கிறதா என்று விமானம் ஏறும் முன் பாருங்கள்.

நேர்மையான வழியில் வேலை கிடைக்க நேரம் ஆகும். படித்த நிலையத்தின் வளாகத் தேர்வு, நிறுவனங்களின் இணையதளங்களில் நேரடி விண்ணப்பம், சென்னை, மும்பை அலுவலகங்களுக்கு நேரில் போவது என்று எல்லாவற்றையும் செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலம் பேசப் பழகுங்கள், கொஞ்சம் இந்தியும். நேர்காணலில் பல பையன்கள் விழுவது கேள்விக்குப் பதில் தெரியாமல் அல்ல, தெரிந்ததைச் சொல்ல வராமல்.

7. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

மாலுமியின் வேலை ஒப்பந்தத்தைச் சுருக்கமாக எஸ்இஏ என்பார்கள். கையெழுத்திடும் முன் படிக்க நேரம் தருவது அவர்கள் கடமை. ஒரு பிரதி உங்கள் கையில் வந்தாக வேண்டும். சம்பளம் எவ்வளவு, அடிப்படை எவ்வளவு, ஓவர்டைம் எப்படி, ஒப்பந்தம் எத்தனை மாதம், திரும்பும் டிக்கெட் யார் செலவு என்பவற்றைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தால் திருப்பி அனுப்பும் செலவு முதலாளியுடையது. 12 மாதத்துக்கு மேல் உங்களைத் தொடர்ந்து கப்பலில் வைத்திருக்கக் கூடாது. ஒப்பீட்டுக்கு ஒரு எண்: அனுபவமுள்ள மாலுமியான ஏபிக்கு உலக அளவில் வகுத்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025இல் மாதம் 673 டாலர். பயிற்சியாளருக்கு இதைவிட நன்றாகவே குறைவு.

சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக வீட்டுக் கணக்குக்கு அனுப்ப ஏற்பாடு உண்டு. வங்கி விவரத்தைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

8. பெட்டி

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிளம்புவதற்கு 10 நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவும் நாளும் கேட்டுக்கொண்டு போங்கள். அந்த மஞ்சள் அட்டை ஆயுளுக்கும் செல்லும், தொலைக்காதீர்கள்.

எல்லா ஆவணத்துக்கும் இரண்டு நகல் எடுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும். மின்னஞ்சலிலும் ஏற்றி வையுங்கள். அசல்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஒருபோதும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி வேறு நாட்டுக்குப் போய்விட்டால் நீங்கள் துறைமுக வாசலைத் தாண்ட முடியாது.

பாய்லர் சூட், பாதுகாப்புக் காலணி, ஹெல்மெட், கையுறை எல்லாம் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும். அளவை முன்பே எழுதிக் கொடுங்கள். குளிருக்கு ஒரு தெர்மல் உள்ளாடை, நல்ல செருப்பு, ஒரு டார்ச், சொந்த மருந்துகள் போதும். மருந்தோடு மருத்துவர் சீட்டு இருக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் வளைகுடா விமான நிலையங்களில் பெரிய வம்பு. அம்மா கட்டித் தரும் மசாலாப் பொடியையும் பாருங்கள். அதில் கசகசா இருக்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள், சிங்கப்பூரிலும் சிக்கல். ஆஸ்திரேலியாவில் கப்பல் ஏறுகிறீர்கள் என்றால் உணவுப் பொருள் எதையும் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

9. கப்பலில் முதல் நாள்

அறைக்குப் போனதும் தூங்கத் தோன்றும். அதற்கு முன் மூன்று விஷயம். அறைக்குள்ளோ வெளியிலோ ஒட்டியிருக்கும் மஸ்டர் பட்டியலில் உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து, அபாய மணி அடித்தால் எங்கே நிற்க வேண்டும், என்ன வேலை என்று படியுங்கள். லைஃப் ஜாக்கெட்டும் குளிர்நீர் உடையும் எங்கே இருக்கின்றன என்று கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு அறையிலிருந்து உயிர்காப்புப் படகு வரை இரண்டு வழிகளில் நடந்து பாருங்கள். விளக்கு அணைந்து புகை நிறைந்தால் கைதான் வழி காட்ட வேண்டும்.

ஏழு அல்லது அதற்கு மேல் குறுகிய ஒலி, கடைசியில் ஒரு நீண்ட ஒலி என்றால் பொது அபாய அறிவிப்பு. என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டுக் கூடும் இடத்துக்குப் போக வேண்டும். தீ ஒத்திகையும் கப்பலைக் கைவிடும் ஒத்திகையும் மாதம் ஒருமுறையாவது நடக்கும். சிலர் அலுப்போடு வந்து நிற்பார்கள். நீங்கள் அப்படி நிற்காதீர்கள். ஹோஸை நீங்களே பிடியுங்கள், படகில் ஏறி பெல்ட்டைப் போட்டுப் பாருங்கள்.

10. கயிறு, வின்ச், மூடிய அறை

டெக்கில் உங்களுக்கு மேலே இருப்பவர் ஏபி, அவருக்கு மேலே போசன், வேலையைத் திட்டமிடுபவர் சீஃப் ஆபீசர். பயிற்சி மாலுமிக்குத் துருத்தட்டல், பிரஷ் போடுதல், பிரைமர், பெயின்ட் என்றுதான் பெரும்பாலும் நாள் போகும். சிப்பிங் சுத்தியலோடு கண்ணாடியும் காதடைப்பானும் இல்லாமல் உட்காராதீர்கள். காது கேளாமை மெதுவாக வரும், திரும்பப் போகாது.

முடிச்சுகளில் கண்ணை மூடிக்கொண்டும் போடத் தெரிய வேண்டியவை பௌலைன், க்ளோவ் ஹிட்ச், ஷீட் பெண்ட், ரோலிங் ஹிட்ச். இடுப்பில் உயிர்க்கயிறு கட்டவும், கயிற்று நுனியில் கண் எனும் வளையம் போடவும் பௌலைன். கம்பியில் சட்டென்று கட்ட க்ளோவ் ஹிட்ச். தடிமன் மாறும் இரண்டு கயிறுகளை இணைக்க ஷீட் பெண்ட். இழுவையில் இருக்கும் கயிற்றைப் பிடித்து நிறுத்த ரோலிங் ஹிட்ச். வீட்டில் காத்திருக்கும் மாதங்களில் நாலு முழம் கயிறு வாங்கி, இருட்டிலும் ஈரக் கையோடும் போட்டுப் பழகுங்கள்.

துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் நேரம்தான் டெக்கில் மிக ஆபத்தான நேரம். செயற்கை இழைக் கயிறு இழுவையில் நீண்டுகொண்டே போகும். அறுந்தால் நீண்ட அளவும் ஒரே நொடியில் திரும்பி அடிக்கும். சத்தம் கேட்டு விலக நேரம் இருக்காது. எலும்பு உடையும், உயிரும் போகும். டெக்கில் மஞ்சள் கோடு போட்டு அபாயப் பகுதியைக் காட்டியிருக்கலாம். கோடு இல்லாத இடம் பாதுகாப்பானது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இழுவையில் உள்ள கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. கயிறு வளைந்து கிடக்கும் வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கயிற்றின் மேல் நிற்கவோ தாண்டவோ கூடாது. கயிற்றை இழுத்துச் சுற்றும் எந்திரமான வின்ச்சின் டிரம் பக்கத்தில் தொளதொள கையுறையும் தொங்கும் நாடாவும் வேண்டாம். ஒருவர் மட்டுமே கை சைகை காட்ட வேண்டும், வின்ச் ஓட்டுபவர் அவரை மட்டுமே பார்க்க வேண்டும். இரண்டு பேர் கத்தினால் வேலையை நிறுத்துங்கள். புதியவருக்கும் நிறுத்தச் சொல்லும் உரிமை உண்டு.

அடுத்தது மூடிய அறைகள். சங்கிலி அறை, காலி டேங்க், சரக்கு அறை, அதற்கு இறங்கும் ஏணி வழி எல்லாம் இதில் சேரும். துரு ஏறும் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். நிலக்கரி, மரத்துண்டு, தானியம் போன்ற சரக்குகளும் அப்படியே. உள்ளே வாசனை இருக்காது, மூச்சு முட்டுவதுபோலவும் தோன்றாது, இரண்டு படி இறங்கியதும் மயங்கி விழுவார்கள். காற்றோட்டம் கொடுத்து, கருவியால் அளந்து, ஆக்சிஜன் 21 சதவீதம் இருக்கிறது என்று உறுதி செய்து, அனுமதிச் சீட்டு எழுதி, வெளியில் ஒருவரை நிறுத்திய பிறகே இறங்க வேண்டும். இதைவிட முக்கியம்: உள்ளே ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் நீங்கள் இறங்காதீர்கள். அபாய மணியை அடியுங்கள். இப்படிப்பட்ட விபத்துகளில் காப்பாற்றப் பாய்ந்தவர்கள் வரிசையாகப் பிணமான சம்பவங்கள் கப்பல் உலகில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. தன் ஆள் கிடக்கும்போது நிற்க மனம் வராது. அந்த நேரத்தில் யோசிக்க முடியாது என்பதால் இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் காவலுக்குப் போகும்போது ஒரு பழக்கம் கற்றுக்கொள்ள வேண்டும். அதிகாரி "போர்ட் டென்" (சுக்கானை இடப்பக்கம் பத்து டிகிரி திருப்பு) என்றால் நீங்கள் உரக்கத் திருப்பிச் சொல்லி, சுக்கானைத் திருப்பி, திரும்பியதும் மறுபடி சொல்ல வேண்டும். தலையாட்டினால் அது பதில் அல்ல. கேட்கவில்லை என்றால் மறுபடி கேளுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். இரவுக் காவலுக்குப் போகும் முன் அரை மணி நேரம் போன் பார்க்காதீர்கள், கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். இன்னொரு கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது, உடனே சொல்லுங்கள்.

11. தூக்கம், சாப்பாடு, ஆட்கள்

காவல் நேரம் பொதுவாக நான்கு மணி வேலை, எட்டு மணி ஓய்வு என்று போகும்: 12–4, 4–8, 8–12. காவல் இல்லாதவர்களுக்குப் பகல் வேலை. எந்த 24 மணியிலும் குறைந்தது 10 மணி, எந்த 7 நாளிலும் 77 மணி ஓய்வு கிடைக்க வேண்டும். அதை இரண்டு பகுதிக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு பகுதி 6 மணிக்குக் குறையக் கூடாது. ஓய்வு நேரப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து வாங்குவார்கள். உழைத்ததை ஓய்வு என்று எழுதி நீட்டினால் தனியாக ஒரு சின்ன நோட்டில் உண்மையான நேரத்தைக் குறித்து வையுங்கள்.

கடல் மயக்கம் முதல் சில நாள் பலருக்கும் வரும், பழகிய மாலுமிக்கும் வரும். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். பிஸ்கட், சோறு என்று உலர்ந்ததாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை என்றால் குமட்டல் வந்த பிறகு போடுவதைவிட முன்பே போட்டால்தான் பலன். அது தூக்கம் தரும் என்பதால் வேலைக்கு முன் செகண்ட் ஆபீசரிடம் கேட்டுவிடுங்கள். பல கப்பல்களில் மருந்துப் பெட்டி அவர் பொறுப்பு.

சமையல்காரர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். சோறு கிடைக்கும், ரசம் கிடைக்காது. அவரிடம் மரியாதையாக இருங்கள், துறைமுகத்தில் காய்கறி ஏற்றும்போது போய்க் கைகொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் குழம்பு வைக்க அடுப்பு கிடைக்கும்.

இணையம் இப்போது முன்பைவிட நிறையக் கப்பல்களில் இருக்கிறது. 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த எம்எல்சி திருத்தம், மாலுமிகளுக்குத் தகவல் தொடர்பு வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினால் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சிக்னல் இல்லாத நாட்கள் வரும். "பத்து நாள் போன் வரவில்லை என்றாலும் பயப்படாதே" என்று அம்மாவிடம் கிளம்பும் முன் சொல்லிவிட்டு வாருங்கள். கம்பெனி அலுவலகத்தின் எண்ணையும் வீட்டில் எழுதிக் கொடுங்கள்.

தனிமை இருக்கும். மற்றவர்கள் எல்லாம் வேறு மொழி பேசுவார்கள். வேலை முடிந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளாமல் மெஸ் அறையில் போய் உட்காருங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. யாராவது அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ கப்பலிலேயே புகார் செய்யும் முறை எழுத்தில் இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். துறைமுகத்தில் ஐடிஎஃப் எனப்படும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் ஆய்வாளரையும் அணுகலாம். சம்பளம் நின்று, முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டால் நான்கு மாதச் சம்பளம் வரை காப்பீடு தர வேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. அந்தக் காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

12. இறங்கும் முன்

சிடிசியில் ஏறிய தேதி, இறங்கிய தேதி, கப்பல் பெயர், ஐஎம்ஓ எண், உங்கள் பதவி, கேப்டன் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று படிக்கட்டு இறங்கும் முன் பாருங்கள். கடல் பணிச் சான்றிதழையும், கையெழுத்தான பயிற்சிப் பதிவேட்டையும் கையில் வாங்குங்கள். பிறகு அனுப்புகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேப்டன் அடுத்த மாதம் எந்தக் கடலில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. கடைசிச் சம்பளச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

காவல் பணிச் சான்றிதழுக்கு இந்தக் கடல் நாட்கள்தான் அடிப்படை. அடுத்து ஏபி நிலைக்குப் போக 18 மாதக் கடல் பணி வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சியோடு என்றால் 12 மாதம். எஞ்சின் பக்கம் போனவர்களுக்கும் இதேபோல் படிநிலை உண்டு. வரிக் கணக்குக்காகப் பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரை விழுந்த பக்கங்களையும் நகல் எடுங்கள். ஒரு நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தீர்களா என்பதைக் காட்ட அவையும் உதவும்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஓய்வெடுத்ததும் மருத்துவச் சான்றிதழ், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய படிப்புகள், பாஸ்போர்ட் ஆகியவற்றின் காலாவதித் தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள். பாஸ்போர்ட் ஒன்றரை வருடத்துக்குள் முடிகிறது என்றால் இந்த விடுமுறையிலேயே புதுப்பித்துவிடுங்கள். பல கம்பெனிகள் அதற்குக் குறைவான காலத்தோடு ஆளைக் கப்பலுக்கு அனுப்புவதில்லை.